சூடு காட்டும் முள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி தேவலையா? மாமாவுக்கும் அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்.

என் பழைய கார் போன வாரம் நடுரோட்டில் ஆவி பறக்க நின்றுவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. தப்பு என்னுடையதுதான். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளின் மேலேயே பாப்பாவின் படத்தை ஒட்டி வைத்திருந்தேன். அதைப் பார்த்து மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார்.

"ரிப்பேர் பண்ணா ரெண்டு வருஷம் ஓடும். இன்ஜினையே மாத்திட்டா பத்து வருஷத்துக்குக் கவலையில்ல. எது வேணும், சொல்லுங்க."

இந்த ஊரில் இன்னும் பத்து வருஷமா என்று தோன்றியதும், உன்னைக்கூடக் கேட்காமல், ரிப்பேரே போதும் என்று சொல்லிவிட்டேன்.

முள்ளை மறைக்காத அளவுக்குச் சின்னதாக ஒரு புதுப் படம் அனுப்பு. பழையதில் பாப்பாவுக்குப் பல்லே முளைக்கவில்லை. இப்போது முதல் பல் விழுந்துவிட்டதாக எழுதியிருக்கிறாய்.

கார் வரும்வரை பஸ்தான். இதோ பஸ் வந்துவிட்டது.

பாப்பாவின் அப்பா