மார்க்கவசத்தின் திறந்த பக்கம்

மக்கா,

இன்று காலை மகள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சூட்டில் பொத்தான் ஒன்று உருகிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தெரியும், ஓடிப்போய் ஒயரைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். "எதுக்குப்பா இப்படிப் பேடிக்கிறீங்க? ஒரு பொத்தான்தானே!" என்றாள். கொஞ்சம் ஆறிய பிறகு அவளையே உட்காரவைத்து உனக்கு எழுதச் சொன்னேன். எனக்கு எழுத்து வராது என்பது நீ அறியாததா? நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

சாலைக் கடைத்தெருவில் ஆணிக்கடைக்கு மேலே நமக்கு ஒரு அறை இருந்ததே, அங்கேதான் இப்போதும் என் மனது கிடக்கிறது. நாடகக்காரர்களுக்குக் கிரீடம், கேடயம், கவசம் எல்லாம் அங்கே செய்தோம். நீ வடிவம் பிடிப்பாய், நான் சாயம் அடிப்பேன். அதுவரை நமக்குத் தெரிந்தது காகிதமும் பசையும்தான். ஆளை நிறுத்தி, ஈரத் துண்டைச் சுற்றி, உடம்பின்மேலேயே அடுக்கடுக்காக ஒட்டுவோம். ஓரத்தின்மேல் ஓரத்தை ஏற்றி அமுக்குவோம். காய்வதற்குள் பக்கத்தில் கீறிக் கழற்றிவிடலாம்.

அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் தகடு வந்தது. சூட்டுக்காற்று ஊதும் துப்பாக்கியைக் காட்டினால் தோசைபோலத் துவளும், ஆறினால் பலகைபோல நிற்கும். பசை வேண்டாம், காத்திருக்க வேண்டாம். நீ அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

முதல் மார்க்கவசம் ராஜா வேஷம் கட்டும் மலையாளி நடிகருக்கு. மனிதரைத் தொட்டாலே நெளிந்தார். "அய்யோ அண்ணா, இக்கிளி!" என்று சிரித்து ஓடினார். "ராஜாவுக்குக் கூச்சமா! மாறி நில்லும். நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வயித்தளவுதானே" என்று நீ சட்டையைக் கழற்றினாய். துண்டை நனைத்துச் சுற்றிக்கொண்டாய். முன்னும் பின்னும் தகட்டை வைத்துத் தோளிலும் இடுப்பிலும் வளைத்தோம்.

"ஓரத்தை நல்லா அமுக்குலே மக்கா. பொறவு கீறிக்கிடலாம்" என்றாய். இடப்பக்கம் நான் அமுக்கினேன், வலப்பக்கம் நீயே அமுக்கினாய். காகிதத்தில் பழகிய கைகள். சூடான தகடு சூடான தகட்டைத் தொட்டால் ஒன்றாகிவிடும் என்று நம் இருவருக்கும் அப்போது தெரியாது. ஈரத் துண்டின் குளிர்ச்சி பட்டதும் அது இறுகிவிட்டது.

"இப்போ அண்ணனல்லே ராஜாவு! பிரஜைக்கு எந்து தரும்?" என்று அவர் கேட்டார். "ஒரு சாயா தாரேன்வே!" என்று நீ வயிறு குலுங்கச் சிரித்தாய். அந்தச் சிரிப்பில் உள்ளிருந்த காற்றெல்லாம் வெளியே போயிற்று. திரும்ப உள்ளே இழுக்க இடமில்லை.

வாயைத் திறந்தாய். தகட்டை இரண்டு கையாலும் அடித்தாய், வாளியை அடிப்பதுபோலச் சத்தம். ராஜா கைதட்டினார். "எந்தொரு அபிநயம் அண்ணா!" நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உன் உதட்டைப் பார்த்தேன். கவசத்தின் பள்ளங்களுக்கு நான் கலக்குவேனே, அந்தச் சாம்பல் நீலம்.

கத்தியை எடுத்தேன். நுனி நுழைய இடமில்லை. அழுத்தினால் விலாவில் இறங்கும். மிச்சமிருந்தது துப்பாக்கி. அதை என் கையில் கண்டதும் நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். பிறகு நீயே கண்ணை மூடிக்கொண்டாய். ராஜா "என்டெ தெய்வமே" என்று பின்னாலிருந்து உன்னைத் தாங்கிப் பிடித்தார். இடப்பக்க ஓரத்தில் சூட்டைக் காட்டினேன். ஈரத் துண்டிலிருந்து ஆவி எழுந்தது. உன் தோல் வேகிறது என்று எனக்குத் தெரிந்தது. கத்துவதற்குக்கூட உன்னிடம் மூச்சு இல்லை. நான் அந்த மௌனத்துக்குப் பயந்ததுபோல வேறெதற்கும் பயந்ததில்லை.

தகடு இளகியதும் விரலை விட்டுப் பிளந்தேன். தம்பானூரில் பஸ் வந்து நிற்கும்போது ஒரு சீற்றம் வருமே, அப்படி இழுத்தாய் மூச்சை. கொஞ்சநேரம் தரையில் கிடந்துவிட்டு, "லேய்... தகட்டைக் கிழிச்சிட்டியா?" என்றாய்.

அதை நீ வீசவில்லை. கிழிந்த ஓரத்தை நறுக்கி, துளை போட்டு, தோல்வார் கோத்தாய். நான் வெள்ளைப் பசையைப் பூசிப் பூசிக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினேன். அதன்மேல் கறுப்பு. பிரஷில் வெள்ளிச் சாயத்தைத் தொட்டு, துணியில் ஒற்றி, கிட்டத்தட்ட உலர்ந்தபின் மேடுகளில் மட்டும் உரசினேன். அசல் இரும்புதான். பள்ளங்களுக்கு அந்தச் சாம்பல் நீலத்தைக் கலக்க மட்டும் கை வரவில்லை, கறுப்பாகவே விட்டுவிட்டேன். நாடகத்தன்று எல்லோரும் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். நான் ஓரத்தில் நின்று தோல்வார் தளர்ந்து இறுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு எந்தக் கவசத்தை எடுத்தாலும் உனக்கு முதல் பேச்சு ஒன்றுதான். "ஒரு பக்கம் தெறந்தே கெடக்கணும்லே."

போன மழைக்காலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். மூக்கையும் வாயையும் மூடிக் குழாய் வைத்திருந்தார்கள். உன் நெஞ்சு ஏறுகிறது, பாதியில் நிற்கிறது, இறங்குகிறது. என் கை உன் சட்டைக்குள் போய்விட்டது.

"என்ன அண்ணாச்சி, அங்க என்ன தேடுதீய?" என்று உன் மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல மைனி. துணி சுருண்டு கெடக்கு."

நான் விளிம்பைத் தேடிக்கொண்டிருந்தேன், மக்கா. பிடித்துப் பிளக்க ஒரு விளிம்பு. இடப்பக்கம் பழைய சூட்டுத் தழும்பு விரலில் தட்டியது. அதுவும் மூடிக் கிடந்தது. அடுத்த மூச்சு வரும் என்று அதன்மேலேயே விரலை வைத்துக் காத்திருந்தேன். வரவில்லை.

நீ போய்விட்டாய், அந்தக் காத்திருப்பு என்னிடம் தங்கிவிட்டது. விழிஞ்ஞம் பஸ்ஸில் பக்கத்தில் யாரோ ஒருவர் தூங்கி விழுகிறார். அவர் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்கும்வரை நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.