சுதன் வீட்டுக்கு ஒரு பிள்ளை

மே 14, 2009, வியாழன்
மழை. குடை காருக்குள், கார் திருத்துற கராஜில். மில்லிக்கன் மாமன்னராகிய நான் பஸ்ஸேறி, ரொறன்ரோவின் மற்றத் தொங்கலில் சுதன் வீடு இருக்கிற பார்க்டேல் மேல் படையெடுப்பு. சந்திரனுக்குப் போனவங்களுக்கும் இவ்வளவு தூரம் இல்லை.

அக்காவின் மகன் சுதனும் அவன் கலியாணம் கட்டின பீற்றரும் பிள்ளை தத்தெடுக்கப் போகினம். வன்னியில் தாய் தகப்பன் இழந்த பிள்ளை ஒண்டு, அதுதான் முதல் ஆசை. இலங்கை இரண்டு ஆம்பிளையளுக்குத் தராதாம். தனியார் ஏஜென்சி எண்டால் பெத்தவள் இவையைத் தெரிவு செய்யும்வரை காத்திருக்க வேணும். மிச்சம், இங்க கனடா அரசாங்க வழி. வீடு பார்க்க ஒரு அதிகாரி அம்மா வருவா, சொந்தக்காரரையும் விசாரிப்பா.

பிள்ளைக்கு ஒதுக்கின அறை. கட்டில் இல்லை. திரைச்சீலை மட்டும் தொங்குது, மஞ்சளில்.

மே 15, வெள்ளி
வீடு பார்க்க வந்த அந்த அம்மா கேட்டா, சுதனின் தாய்க்கு இது சம்மதமோ எண்டு. இந்த வாய் சும்மா இருக்குமோ. "அக்கா பேரப்பிள்ளைக்குப் பின்னின கம்பளியால ஒன்ராறியோவையே போர்க்கலாம்" எண்டன்.

அவ சிரிக்கேல்லை. "நல்லது. திங்கள் விடுமுறை, செவ்வாய் அவவோட போனில் கதைக்கிறன்."

அவ போனபிறகு சுதன்: "மாமா, அம்மா கலியாணத்துக்கே வரேல்லை."

உண்மை. பீற்றரின் பேரைக்கூட அக்கா கேட்டதில்லை. அவவுக்கு அவன் வெறும் 'உவன்'.

மே 17, ஞாயிறு
அக்கா வீடு. பாண், பருப்பு, வாழைப்பழம் கொண்டு போனன். அவ தொடேல்லை. எங்கட தம்பி குடும்பத்தோட வன்னிச் சண்டைக்குள்ள, கதைச்சு ஒரு மாதம். அக்காவின் மடியில் போன்.

பிள்ளை விசயத்தையும் செவ்வாய் வரப்போற போனையும் சொன்னன்.

"சனம் சாகுது. உவனுக்கு இப்ப பிள்ளை கேக்குதோ?"

"சுதனுக்கும்தான் அக்கா."

"நீ அவிட்டுவிட்ட புளுகுக்கு நான் சாட்சியோ?"

மாமன்னர் பாணைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் பின்வாங்கல். சரித்திரத்தில் முதல் தடவை.

மே 18, திங்கள்
வன்னியில் சண்டை எல்லாம் முடிஞ்சுதாம். அக்கா வீட்டு ரீவி சொல்லுது. அக்கா அழவில்லை. பொழுதுபட, பக்கத்து வீட்டில் விடுமுறை வாணவேடிக்கை. ஒவ்வொரு வெடிக்கும் அவவின் தோள் துள்ளிச்சுது. யன்னலைப் பூட்டினன். கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

மே 19, செவ்வாய்
வெயில். போன் அடிச்சது. அக்கா பாய்ஞ்செடுத்தா. "தம்பியோ?"

இங்கிலிஷ் குரல். அந்த அம்மா. அக்காவின் முகம் விழுந்துபோச்சு. வைக்கப் போறா எண்டு நினைச்சன். கனநேரம் கேட்டா.

"யெஸ். மை சன்." நிறுத்தினா. போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தா.

"அவரின்ர பேர் என்னடா?"

"பீற்றர்."

"பீற்றர்" எண்டா போனுக்குள்ள. "குட் பாதர். யெஸ்."

கதைச்சு முடிய போனைத் திரும்ப மடியில் வைச்சா. தம்பியிட்ட இருந்து இன்னும் ஒரு சேதியும் இல்லை.