வயிறு என்று எழுதாதே

இன்று காலை ஆய்வக அலமாரியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசனை. உன் குப்பிகளில் ஒன்றின் மூடி தளர்ந்திருந்தது. உள்ளே நீ ஐந்தருவிக்கு மேலே பிடித்த சிலந்தி. கால்கள் மடங்கி, இடுப்புக்குப் பின்னால் உள்ள உருண்டைப் பகுதி சுருங்கிக் கிடந்தது. அந்தப் பின்பகுதிக்கு நீ ஒரே பெயரைத்தான் ஒப்புக்கொள்வாய். ஒபிஸ்தோசோமா.

முதுகலை முதல் வருடம். நான் செய்முறைப் பதிவேட்டில் அதை 'வயிறு' என்று எழுதியிருந்தேன். பேனாவைப் பிடுங்கி அந்தச் சொல்லைக் குறுக்கே அடித்தாய்.

"வயிறுன்னு எழுதாதட்டி. வயிறு மட்டுமா அங்கன இருக்கு? மூச்சுப்பை, நூல் சுரப்பி, ஹார்ட்டு, எல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கு."

"ஹார்ட்டு பின்னாலயா? ஒன் மூளை மாதிரி, இடம் மாறி."

சிரித்தாய். பேனாவை மட்டும் தரவில்லை.

பழைய குற்றாலத்துக்குப் போகும் வழியில் ஒருநாள் வெளிறிய சிலந்தி ஒன்றைக் கண்ணாடிக் குழாயில் விட்டு, லென்ஸை என்னிடம் தந்தாய். பின்னுடலின் நடுவே, மேற்புறம், ஒரு கோடு. துடித்துக்கொண்டிருந்தது.

"தோலுக்கு வெளியவே தெரியுது பாரு. பாவம், ஒளிக்கத் தெரியல."

நீ பாறையில் உட்கார்ந்துதான் அதைச் சொன்னாய். சின்ன மேடு ஏறினாலே உனக்கு மூச்சு வாங்கும்.

பல்கலைக்கழக மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை உன் நெஞ்சிலிருந்து எடுக்காமல் வெகுநேரம் கேட்டார். இதயத்தில் ஒரு சத்தம் இருக்கிறது, தாமதிக்காமல் எக்கோ ஸ்கேன் எடுங்கள் என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த வாரக் கடைசியில் தென்காசி வீட்டுக்குப் போய்த் திரும்பினாய்.

"எடுத்தியா?"

"அம்மா வேண்டாங்குதா. வாசுதேவநல்லூர்லருந்து பொண்ணு கேட்டுப் பேசிட்டிருக்காங்கல்லா. ஸ்கேனுக்குப் போனா நமக்கு முந்தி சேதி அங்க போயிருமாம். வயித்து வாயுதான் நெஞ்சுக்கு ஏறுதுன்னு சொல்லுதா."

"நீ என்ன சொன்ன?"

"வாயுவாத்தான் இருக்கும்ட்டி. கல்யாணம் முடியட்டும், எடுத்துக்கிடுதேன்."

அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. உன் அம்மாவை அல்ல, உன்னை. செத்த சிலந்தி ஒன்றுக்காக என்னோடு சண்டை போட்டவள். உன் இதயத்தை வயிறு என்றார்கள். தலையாட்டினாய்.

வாயுவுக்கு உங்கள் வீட்டில் ஒரே வைத்தியம். உடம்பெல்லாம் நல்லெண்ணெய், சாரல் காலத்து அருவி. தண்ணீர் முதுகில் அறைந்தால் அடைப்பெல்லாம் இறங்கிவிடுமாம். பெண்கள் குளிக்கும் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தாய். பிடி விட்டது. எண்ணெய்க்கால் வழுக்கியது என்று நினைத்துச் சிலர் சிரித்தார்களாம். தூக்கி வெளியே கிடத்தியபோது மூச்சு இல்லை.

"கொடுத்து வச்சவ. அருவித் தண்ணியிலயே போயிட்டா." துக்கம் கேட்க வந்த பெண் ஒருத்தி உன் தலைமாட்டில் உட்கார்ந்து சொன்னாள். எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். அங்கேயே இருந்திருந்தால் அறைந்திருப்பேன்.

போன வாரம் தென்காசியில் ஒரு துணிக்கடையில் உன் அம்மாவைப் பார்த்தேன். உன் தங்கையும் உடன் இருந்தாள். அம்மா அழுதார். பிறகு என் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினார்.

"சின்னவளுக்குப் பேசிட்டிருக்கோம். யாராச்சும் கேட்டா வழுக்கி விழுந்துட்டான்னு மட்டும் சொல்லும்மா, என்ன?"

வாயுவும் போய்விட்டது. இப்போது வெறும் வழுக்கல்.

"ஹார்ட்டு," என்றேன். துணி கிழித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அவளுக்கு ஹார்ட்டுலதான் கோளாறு. டாக்டர் சொல்லும்போது நான் நின்னேன்."

கையை விட்டார்.

"ஒருத்திய மண்ணுக்குக் குடுத்தாச்சு. இன்னொருத்தியவாது கரையேத்த விடும்மா."

கடையை விட்டு வெளியே வந்தேன். கோபம் மட்டும் குறையவில்லை.

அன்று மாலையில் உன் தங்கை போன் செய்தாள். பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். குளியலறையிலிருந்து பேசினாள்.

"அக்கா, அந்த எக்கோவ எங்கன எடுக்கணும்? அம்மாட்ட சொல்லல. பயமா இருக்கு."

"திருநெல்வேலியில. நான் கூட்டிட்டுப் போறேன்."

வரும் திங்கட்கிழமை போகிறோம். அவளுக்கு ஒன்றும் இருக்காது. ஆனாலும் பயப்படுகிறாள். நீயும் பயந்திருக்க வேண்டும்.

குப்பியில் புது ஸ்பிரிட் ஊற்றி மூடியை இறுக்கினேன். பிறகு மாணவிகளின் பதிவேடுகளைத் திருத்த உட்கார்ந்தேன். ஒருத்தி சிலந்தி வரைந்து, பின்பகுதிக்கு அம்புக்குறி போட்டு, 'வயிறு' என்று எழுதியிருந்தாள். நீ அடித்தது போலவே அடித்தேன்.

தாள் கிழிந்துவிட்டது.