147ஆம் வரி

மார்ச் 3, செவ்வாய்

பால்கனிக் கண்ணாடிக் கதவு இன்று காலையும் கத்தியது. தள்ளும்போது ஒரு கத்தல், இழுக்கும்போது இன்னொன்று. எதிர் வீட்டு நாய் அதற்குப் பதில் சொல்லப் பழகிவிட்டது. ஆள் வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்று ஏழு மாதமாக இதே நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டேட்டிங் செயலியில் புதிதாக மூன்று பேர். ஒருவர் கார் மேல் சாய்ந்து நிற்கிறார். முகத்தைவிட நம்பர் பிளேட் தெளிவாக இருக்கிறது. இன்னொருவருக்குப் பிடித்தது 'நேர்மை'. நேர்மை பிடிக்காது என்று யாராவது போட்டால் அவரைப் போய்ப் பார்க்கவாவது செய்யலாம். மூன்றாவது ஆள் லிஃப்ட் மெக்கானிக், வயது நாற்பத்தெட்டு, மனைவி இறந்து ஆறு வருடம். தலையில் ஹெல்மெட், கையில் டார்ச். சிரிக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று வலது பக்கம் தள்ளினேன். ஏன்? டார்ச் எரிந்துகொண்டிருந்தது. வேறு காரணம் தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

அக்கா போன் செய்தாள்.

"இன்னும் அந்தக் கண்றாவியிலதான் இருக்கியா?"

"எந்தக் கண்றாவி?"

"அதாண்டி, ஆம்பளைங்கள விரலால தள்ளித் தள்ளி விடுவியே. போன தடவை ஒருத்தன் லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தானே, சரி பண்ணித் தாங்கன்னு."

"வந்தார். சரி பண்ணிக் கொடுத்தேன்."

"அவன் உன்னைத் தேடி வரலை, சர்வீஸ் சென்டரைத் தேடி வந்திருக்கான். உன்னையும் சொல்லணும். உனக்கு யாரையும் பாஸ் போடவே தெரியாது. தப்பு கண்டுபிடிக்கத்தானே சம்பளம் தர்றாங்க."

நான் டெஸ்டர். பத்தொன்பது வருடமாக மென்பொருளில் பிழை தேடுவதுதான் வேலை. அக்கா வேலையைப் பற்றி மட்டும்தான் சொன்னாள் என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

லிஃப்ட்காரரோடு இரண்டு நாளாக எழுத்துப் பேச்சு. எங்கேயாவது தொடங்க வேண்டுமே என்று பால்கனிக் கதவு கத்துவதைச் சொல்லியிருந்தேன். இன்று பதில்: "மேல சக்கரத்தைப் பாக்காதீங்க. கீழ கதவு ஓடுற ரயில்ல மண்ணு இருக்கும். பழைய டூத் பிரஷ் போதும்."

நான் தேடுவது ஆளா, பழுது பார்க்கும் கையேடா? பதில் போடவில்லை.

மார்ச் 7, சனி

"உங்க பில்டிங் லிஃப்ட் நிக்கும்போது குலுங்குதா?" என்று கேட்டிருக்கிறார். குலுங்குகிறது. அதற்கென்ன?

மார்ச் 9, திங்கள்

இன்று பதினோரு மணி நேரம் அலுவலகத்தில். கேமரா அணைத்த முகங்களோடு நான்கு மீட்டிங். பேருந்தில் வரும்போது, 'இன்று நீண்ட நாள்' என்று அவருக்கு ஒரு வரி போட்டேன், சும்மா.

உடனே வந்தது: "இன்னிக்கு எந்த நேரம் உங்களுக்கு ரொம்ப நீளமா இருந்துச்சு?"

இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

எந்த நேரம் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா என்னை? பன்னிரண்டு வருடக் கல்யாணத்தில் 'டயர்டா?' என்று கேட்பார் முன்னாள் கணவர், டிவியைப் பார்த்தபடி. அதற்கு 'ம்' போதும். இதற்கு 'ம்' போதாது. மதியம் மூன்றிலிருந்து நாலு வரை என்று எழுதினேன். ஏன் என்று எழுதினேன். நிறுத்த முடியவில்லை. திரும்பி நடந்து வரும் வழியெல்லாம் எழுதினேன்.

மார்ச் 17, செவ்வாய்

"அதை இன்னொரு தடவை சொல்லுங்க, அவசரமே இல்ல" என்கிறார் இன்று. லிஃப்ட் கூண்டுக்கு மேல் நின்றுகொண்டு ஒரு மனிதன் இப்படிக் கேட்கிறான். போனைக் கவிழ்த்து வைக்கிறேன், நிமிர்த்துகிறேன், கவிழ்க்கிறேன். நாற்பத்து நாலு வயது எனக்கு.

மார்ச் 18, புதன்

அவரிடமிருந்து ஒன்றுமில்லை. போனைப் பதினேழு முறை பார்த்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

நேரில் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். ஏப்ரல் 12, ஞாயிறு, மாலை நான்கு மணி. ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பேக்கரி. அக்காவிடம் சொன்னேன். "அந்தப் பழுப்புச் சட்டையைப் போட்டுட்டுப் போகாதே, இன்டர்வியூ எடுக்க வந்தவ மாதிரி இருப்பே" என்றாள். அது அவளுடைய வாழ்த்து.

ஏப்ரல் 7, செவ்வாய்

நிதானமாக எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி செய்வது கைபேசிக்கான கீபோர்டு. யாராவது செய்தி அனுப்பினால் கீழே மூன்று பெட்டிகளில் மூன்று பதில்கள் தோன்றும். டைப் செய்யாமல் ஒன்றைத் தொட்டு அனுப்பலாம். இரண்டு வருடம் முன்பு அதன் தமிழ் அறிவிப்புப் பலகை மாதிரி இருந்தது. மனுஷன் பேசுகிற மாதிரி முந்நூறு வரி எழுதிக் கொடு என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். விவாகரத்து முடிந்த மாதம் அது. வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அலுவலகத்திலேயே உட்கார்ந்து எழுதினேன்.

இன்று புதுப் பதிப்புக்கான சோதனை. 147ஆம் வரி.

இன்னிக்கு எந்த நேரம் உங்களுக்கு ரொம்ப நீளமா இருந்துச்சு?

என் வரி. நான் எழுதினது. அந்த ஆள் கேட்கவே இல்லை, தொட்டிருக்கான். ஒரு விரலால ஒரு பெட்டியைத் தொட்டிருக்கான், அவ்வளவுதான். நான் ஸ்டாப்பை விட்டுட்டுப் போய் ஒரு கிலோமீட்டர் நடந்து வந்து—

எழுதிய எனக்கே எப்படி அடையாளம் தெரியவில்லை? பசியில் இருப்பவள் தட்டைப் பார்ப்பாள், அடுப்பைப் பார்க்க மாட்டாள்.

எதிர் மேஜைத் தாடிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன, பெரிய பிழையா?"

"எதிர்பார்த்தபடிதான் வேலை செய்யுது" என்றேன்.

ஏப்ரல் 8, புதன்

மதிய இடைவேளையில் செய்தேன். அவருக்கு நான் அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாகச் சோதனைத் திரையில் போட்டு, என்ன மூன்று பதில் வருகிறது என்று பார்த்தேன். அவருடைய பதில்களோடு ஒப்பிட்டேன். மொத்தம் அறுபத்து நாலு. அதில் முப்பத்தொன்பது, பெட்டியில் வந்தவை. அவற்றுக்கு மஞ்சள் அடித்தேன். பிரிண்ட் எடுத்தேன். மூன்று பக்கம்.

போகாமல் இருக்கலாம். போய்க் கேட்கவும் செய்யலாம். போகாமல் இருந்தால் இந்த மூன்று பக்கத்தை எங்கே வைப்பது?

ஏப்ரல் 12, ஞாயிறு

பழுப்புச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

படத்தில் தெரிந்ததைவிடக் குள்ளம். கை நன்றாகக் கழுவியிருந்தார். நக ஓரத்தில் மட்டும் கறுப்பு. எழுந்து நின்றார். நான் உட்கார்ந்ததும் பையிலிருந்து தாள்களை எடுத்து வைத்தேன். டீ வருவதற்கு முன்பே. இப்போது எழுதும்போது காது சுடுகிறது.

"இது என்னங்க, ரிப்போர்ட்டா?"

"மஞ்சள் அடிச்சதெல்லாம் நீங்க எழுதலை."

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று பக்கத்தையும் படித்தார், ஒரு வரி விடாமல். டீ வந்து ஆடை கட்டியது.

"ஆமாங்க. கையில எப்பவும் கிரீஸ். ஷாஃப்டுக்குள்ள நின்னுக்கிட்டு டைப் அடிக்க வராது. மூணு வரும், ஒண்ணைத் தொட்டு அனுப்பிருவேன். தப்புங்களா?"

"அதெல்லாம் என்னோட வரிங்க. அந்தக் கீபோர்டுக்கு நான்தான் எழுதினேன்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு, அடக்கப் பார்த்தும். "அப்ப ஒரு மாசமா உங்களை நீங்களே விசாரிச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. நடுவுல நான் தபால்காரன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார். முதல் பக்கத்தைத் திருப்பி, மஞ்சள் இல்லாத வரி ஒன்றின் மேல் விரல் வைத்தார். கதவு, மண், டூத் பிரஷ்.

"இது நான் எழுதினது. டூட்டி முடிஞ்சு, கை கழுவிட்டு, உக்காந்து எழுதினேன். இதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலை." விரல் கீழே இறங்கியது. "இது லிஃப்ட் குலுங்குறது. நான்தான். ஒண்ணும் சொல்லலை. இதுவும் நான். இதுக்கு ஒரு கட்டைவிரல் படம் போட்டீங்க."

நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்புறம் இந்த மஞ்சள், ஒன்பதாந்தேதி. ஒரு தொடு தொட்டேன். நீங்க பக்கம் பக்கமா எழுதினீங்க. சரி, இவங்களுக்கு இதுதான் புடிக்குது போலன்னு..." தோளைக் குலுக்கினார். "தேதியைப் பாருங்களேன்."

பார்த்தேன். முதல் வாரம் வெள்ளை. மூன்றாவது வாரம் வந்தால் பக்கம் முழுக்க மஞ்சள். தேதி வாரியாகப் படிக்க எனக்குத் தோன்றவே இல்லை. பத்தொன்பது வருட டெஸ்டருக்கு.

என்ன சொல்லியிருக்க வேண்டும்? எது சொல்லியிருந்தாலும் சரிதான். நானோ தாள்களை அடுக்கிப் பையில் வைத்தேன். அவர் எழுந்தார்.

"கதவு இன்னும் கத்துதா?"

"கத்துது."

தலையாட்டிவிட்டுப் போனார். ஆடை கட்டிய டீ இரண்டு மேஜையில்.

ஏப்ரல் 13, திங்கள்

வேலையில் மூன்று பிழை பிடித்தேன். மூன்றும் உண்மையான பிழை. என்ன பிரயோஜனம்?

ஏப்ரல் 15, புதன்

அக்கா திட்டினாள்.

"பல்லைப் புடுங்கிட்டு வந்து வீங்கிப் போய்க் கிடக்கேன்னு போட்டா, 'அருமை, ஓய்வெடுங்கள்'னு வருது. எதுடி அருமை? எம் பல்லு போனதா?"

நானும் தொட்டிருக்கிறேன். படிக்காமலே. அதுவும் நான் எழுதாத, பழைய பெட்டி வரி.

"மன்னிச்சிரு, அக்கா. வலிக்குதா?"

"இப்பக் கேளு." கொஞ்சம் பொறுத்து, "அந்த லிஃப்ட்டு என்ன ஆச்சு?"

"நடுவுல நின்னுருச்சு."

"நீ எந்த பட்டனை அழுத்தித் தொலைச்சே?"

நடந்ததைச் சொன்னேன். அக்கா எதையாவது சொல்லிச் சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. "மொத தடவை பாக்கப் போறவ பேப்பரோடவா போவா?" என்று மட்டும் கேட்டாள், மெதுவாக. அது திட்டைவிட மோசம்.

ஏப்ரல் 18, சனி

குளியலறையில் பழைய டூத் பிரஷ் ஒன்று இருந்தது. பால்கனி வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்து கீழ் ரயிலைத் தேய்த்தேன். மண், முடி, ஒரு பூச்சி இறக்கை, யாருடையது என்று தெரியாத ஒரு சட்டைப் பொத்தான். முறம் கொள்ளாமல் வந்தது. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

தள்ளினேன். இழுத்தேன். ஒன்றுமில்லை. நம்பாமல் இன்னும் ஆறு முறை தள்ளி இழுத்தேன். நாய் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறு வாரம் முன்பே சொன்னார். கை கழுவிவிட்டு, உட்கார்ந்து.

போனை எடுத்தேன். முதல் வேலையாக அந்த மூன்று பெட்டிகளையும் அணைத்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் எழுதி, அழித்து, எழுதி, கடைசியில் போனது இதுதான்: "கதவு கத்தவில்லை. கீழே மண்தான்."

பதில் இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பதில் இல்லை. கதவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். கத்தினாலாவது துணையாக இருக்கும்.

என்னிடமும் இப்படித்தான் காத்திருந்தாரா?

ஏப்ரல் 20, திங்கள்

காலை பேருந்தில் வந்தது: "மேல சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுடாதீங்க."

அவ்வளவுதான். வணக்கம் இல்லை, மன்னிப்பு இல்லை, விசாரிப்பு இல்லை. மூன்று முறை படித்தேன். பிறகு, போன மாதமே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்: "ஏன் போடக் கூடாது?"

பதினோரு செய்தி வந்தது. எண்ணெயில் தூசி ஒட்டுமாம். ஒட்டிய தூசி கட்டியாகுமாம். அவர் மனைவி ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயை ஜன்னல் சட்டத்துக்கு முழுக்க ஊற்றிவிட்டு, மூன்று நாள் அவரிடம் சொல்லாமல் மறைத்தாராம். கடைசிச் செய்தி: "இத யார்கிட்டயும் சொன்னதில்ல. சொல்றதுக்கு இதுல என்ன இருக்குன்னு விட்டுட்டேன்."

நிறுத்தத்தைத் தாண்டிவிட்டேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

147ஆம் வரியை எடுத்துவிடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். தாடி நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"நல்லா ஓடுற வரியை எதுக்கு எடுக்கறீங்க? ஏதாவது பிழையா?"

"பிழை இல்லை. எனக்கு வேணும்."

"வேணும்னா?"

"நேர்ல கேக்கறதுக்கு வேணும்."

தாடியைத் தடவிக்கொண்டே போய்விட்டார். மீட்டிங்கில் எடுப்பார்களோ, விடுவார்களோ. நான் கேட்டாயிற்று.

மே 10, ஞாயிறு

மாலை. இரண்டு நாளாக எழுதாததை எழுத உட்கார்ந்தேன். வெள்ளிக்கிழமை அக்காவோடு பல் டாக்டரிடம் போனது, புதுப் பல் வைத்து அவள் கண்ணாடியில் இளித்துப் பார்த்தது, எல்லாம் எழுத வேண்டும். அதற்குள் டீ ஆறிவிட்டது. இன்னொரு டம்ளர் மேஜையில் இல்லை.

தலை நிமிர்ந்தேன். பால்கனியில் நிற்கிறார், டம்ளரோடு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. எப்போது கதவைத் திறந்தார், எப்போது போனார், எனக்குக் கேட்கவில்லை. நாய்க்கும் கேட்கவில்லை, எதிரே தூங்குகிறது.

"எதிர் பில்டிங்ல லிஃப்ட் இறங்குது, கேக்குதா?" என்கிறார், திரும்பாமலே. "அந்தக் கரகரப்பு. அது பேரிங்."

எனக்கு ஒரு கரகரப்பும் கேட்கவில்லை. எது என்று போய்க் கேட்டுவிட்டு வந்து மீதியை எழுதுகிறேன்.