உன் அம்மா உம் கொட்டுகிறாள்

அன்புள்ள இளவரசுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று தோன்றியதால் எழுதுகிறேன். நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் அம்மா தினமும் சொல்கிறாள், அதை நம்பலாமா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. சிதம்பரத்தில் மழை விட்டபாடில்லை, கடலூர் ஆபீசுக்குப் பஸ்ஸில் போய்வருவதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆக்லாந்துக்குக் கிளம்பியதையும், ஏர்போர்ட்டிலிருந்து அம்மாவுக்கு மட்டும் போன் செய்ததையும், பிறகு நம்பரையே மாற்றிக்கொண்டதையும் நான் மறக்கவில்லை, மறக்கப்போவதுமில்லை. ஆனால் இது அதைப் பற்றிய கடிதம் இல்லை.

ஆவணி மாதத்திலிருந்து உன் அம்மா விளக்கேற்றியதும் தன் பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுகிறாள். நீதான் பேசுகிறாய் என்றாள். எனக்கு வயிறு எரிந்தது, அம்மாவோடு மட்டும் பேசுகிறானே என்று. பிறகுதான் யோசித்தேன், அந்த நேரம் உனக்கு அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். ஒருநாள் கதவருகே நின்று கேட்டேன். "சொல்லு கண்ணு... ம்... ம்... ஐயய்ய, அப்பறம்? ... இரு இரு, நான் சொல்லி முடிச்சிடறேன்... சரி, நீயே சொல்லு." பேசி முடித்து அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தேன். ரீசார்ஜ் செய்யாமல் அந்த நம்பர் எப்போதோ செத்துப்போயிருந்தது. மறுநாள் சிம்மைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

தனியாகப் பேசிக்கொள்கிறாள், மனசு சரியில்லை என்று நீ சொல்லலாம். நானும் அப்படித்தான் நினைக்கப் பார்த்தேன். ஆனால் ஒன்றை நான் சொன்னால் நீ நம்பித்தான் ஆகவேண்டும். கீழவீதி டீக்கடையிலும் பஸ் ஸ்டாண்டிலும் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று வருஷக்கணக்கில் பதிவு செய்தவன் நான். அந்த ஆராய்ச்சிக்குக் கிடைக்கவேண்டிய கல்லூரி வேலை என் பேராசிரியரின் மருமகனுக்குப் போனது, எனக்குக் கிடைத்தது ஆபீஸ் நாற்காலி. "ஊர்ல எவன் எப்ப உம் கொட்றான்னு எண்ணுனதுக்கா உனக்கு டாக்டர் பட்டம்" என்று நீகூடச் சிரித்தாய். ஆனால் அது எனக்குத் தெரியும். இல்லாத ஆளோடு பேசுகிறவர்கள் விடும் இடைவெளி ஒரே அளவாக இருக்கும், எதிராளி எப்போதும் அவர்களுக்கு வசதியான இடத்தில்தான் நிறுத்துவான். உன் அம்மாவின் பேச்சு அப்படி இல்லை. பாதிச் சொல்லில் வெட்டப்படுகிறாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிட்டதுபோல் நின்று விட்டுக்கொடுக்கிறாள். "அது இல்லடா, மேலவீதி" என்று திருத்துகிறாள். நகைச்சுவை முடிவதற்கு ஒரு நொடி முன்பே சிரிக்கிறாள், உன் சிரிப்பு வருவதைக் கேட்டவள்போல. எதிரில் ஆள் இல்லாமல் இப்படிப் பேச முடியாது. தனியாகப் பேசுகிறவர்கள் யாரும் என் டேப்புகளில் இப்படிப் பேசியதில்லை.

போன வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். "ஏங்க, தம்பி உங்ககிட்ட பேசணுமாம்" என்று போனை நீட்டினாள். வாங்கிக் காதில் வைத்தேன். சிம் என் பையில் இருக்கிறது, ஒரு இரைச்சல்கூட இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் "ம்" என்றேன். கொஞ்சம் விட்டு இன்னொரு "ம்". பிறகு, "நல்லா இருக்கியா?" என்று ஆரம்பித்தேன். அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஏங்க குறுக்க பேசறீங்க? எப்பவும் இதே வேலதான் உங்களுக்கு." போனை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்கிறாள். பெண் பெயர் இலக்கியாவாம், தாய் தகப்பன் இல்லாதவளாம், இது ஐந்தாம் மாதமாம். "பொண்ணு வீட்ல செய்ய ஆளில்ல, ஏழாம் மாசம் நாமதான் வளைகாப்பு போடணும், தம்பி தை மாசம் கூட்டிட்டு வரானாம்" என்று கண்ணாடி வளையல் வாங்கி வைத்துவிட்டாள், சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. புவனகிரியிலிருந்து உன் சித்தி எழிலரசி வந்து, "என்னா மாமா, தாத்தா ஆவப்போறீங்க, மூஞ்சிய ஏன் வெளக்கெண்ண குடிச்ச மாதிரி வச்சிருக்கீங்க?" என்று கிண்டல் செய்துவிட்டுப் போகிறாள். தை மாதம் கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க, யாருமே வராவிட்டால் உன் அம்மா பிறகு எழுந்திருக்க மாட்டாள்.

அதனால் ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. இலக்கியா என்று ஒருத்தி இருக்கிறாளா? இல்லையென்றால் நான் பொங்கலுக்கு முன் உன் அம்மாவை டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும், சொந்தக்காரர்கள் வாயில் விழவேண்டும், அதைச் செய்துகொள்கிறேன். இருக்கிறாள் என்றால், உன் அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்க மாட்டேன். அந்தப் பெண்ணைக் கனமான எதையும் தூக்க விடாதே. நீயும் குளிரில் காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காதுவலி. என் கோபம் என்னோடு இருக்கட்டும், நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்கவேண்டும். பதிலை ஆபீஸ் விலாசத்துக்கு எழுது, மறந்துவிடாதே.

முன்பு எழுதிய கடிதங்கள் வெளியே என் பெயரைப் பார்த்ததுமே பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன. கடிதம் வந்தால் கடைசி வரியைத்தான் நீ முதலில் பார்ப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் இந்த முறை உறையிலும் பெயர் எழுதுவதில்லை, உள்ளேயும் கையெழுத்துப் போடுவதில்லை என்று சற்றுமுன்தான் முடிவு செய்தேன், மனசுக்குள்தான், யாரிடமும் சொல்லவில்லை. விளக்கேற்றியாகிவிட்டது. உள்ளே உன் அம்மா பேசிக்கொண்டிருக்கிறாள். "ஆமாண்டா, எழுதிட்டுதான் இருக்காரு... ம்... ம்... அப்டியா, பேரு போட மாட்டாராமா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

போடவில்லை. நாளைக் காலை கடலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் இப்படியே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.