வாழ்த்துமடலின் மூன்றாம் பாட்டு

வாழைச்சேனை
12.01.2024

கடல்கடந்த மருமகள் டினோஷாவுக்கு,

இறால் குளங்களின் சக்கரவர்த்தி, உன் தாய்மாமா எழுதுவது. என் பெருமை வட்ஸ்அப்பில் அடங்காது என்பதால் கடிதம்.

போனதுக்கு முந்தின நத்தார்ப் பண்டிகைக்கு வந்து என் குளத்தில் நீ அள்ளிப்போன சேற்றில் வெள்ளைப்புள்ளி நோயை அடக்கும் நுண்ணுயிர் இருக்கிறதாமே. உலகத்தில் வேறெந்தச் சேற்றுக்கு இந்த மகிமை? பக்கத்துக் குளத்து றிஸானின் இறால் செத்து மிதக்கிறது புள்ள. அந்த நுண்ணுயிரை எப்படிப் பெருக்குவது? உடனே எழுது.

உன் மாமா,
பற்றிக்

பேர்கன், நோர்வே
29.01.2024

அன்புள்ள மாமா,

சொல்லக்கூடாது. இந்த முறைக்கு நான் ஆய்வு செய்யும் கம்பெனி காப்புரிமை எடுக்கப்போகிறது. விண்ணப்பிக்குமுன் வெளியே தெரிந்தால் காப்புரிமை இல்லை. பிறகு என் வேலையும் இல்லை. மட்டக்களப்பில் ஆய்வு செய்யும் என் தோழி ஸகியாவுக்கே அந்த நுண்ணுயிரில் ஒரு குப்பி அனுப்ப விடுகிறார்களில்லை.

ஆனாலும் றிஸான் நானாவை நினைத்தால் மனம் கேட்கவில்லை. ஒரு வாளி தவிட்டை அவித்து ஆறவிட்டு, அரை வாளி சீனிப்பாகும் உங்கள் குளத்துச் சேறும் கலந்து புளிக்கவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். அவருக்கு மட்டும்.

டினோஷா

வாழைச்சேனை
04.03.2024

அறிவுக்கடலே,

றிஸானின் இறால் இப்போது துள்ளுகிற துள்ளலில் பருந்துகள் பாதை மாறிப் பறக்கின்றன.

சோதனை பாஸ் பண்ணினவனுக்கே வாழ்த்துமடல் அடிக்கிற ஊரில் என் மருமகளுக்கு இல்லையா? கோயில் திருவிழாவில் அடித்துக் கொடுத்தேன். வாயால் ஒருவருக்கும் சொல்லவில்லை, சத்தியம். ஆனால் நீ செய்ததைச் சொல்லாமல் மூன்றாம் பாட்டில் எதைப் புகழ்வது? தவிடும் பாகும் வந்துவிட்டன. யாரோ பேஸ்புக்கிலும் போட்டுவிட்டான்.

ஒரு சந்தேகம். காப்புரிமை எடுத்தபின் செய்முறையை எல்லாரும் வாசிக்கலாமாம், ஒருவரும் செய்யக்கூடாதாம். திறப்பை வாசலில் தொங்கவிட்டுக் கையைக் கட்டுகிற பூட்டா அது? விளக்கு.

பற்றிக் மாமா

பேர்கன்
02.04.2024

மாமா,

கம்பெனியின் வக்கீல் பேஸ்புக்கில் மடலைப் பார்த்துவிட்டார். விண்ணப்பம் கைவிடப்பட்டது. யார் சொன்னது என்று கேட்டார்கள், நான்தான் என்றேன். ஜூனோடு வேலை முடிகிறது. அந்தக் கோபத்தில்தான் உங்கள் போன் கோலை எடுக்கவில்லை.

உங்கள் சந்தேகத்தை அந்த வக்கீலிடமே கேட்டேன். சிரித்தார். அந்தப் பூட்டு இருபது வருடத்தில் தானாகத் திறக்குமாம். அதுவரை செய்ய விரும்புகிறவர் அனுமதி கேட்கவேண்டுமாம். மடல் வெளிவந்தபின் இங்கே பக்கத்து மேசைக்காரரும் தன் ஆய்வைப் பற்றி என்னிடம் வாய் திறப்பதில்லை. நேற்று ஸகியாவுக்குக் குப்பி அனுப்பினேன். ஒருவரும் தடுக்கவில்லை.

ஆனால் மாமா, நான் எழுதியது அரை வாளி பாகு. மடலில் உங்கள் பெருமைக்கு அது ஏழு வாளியாகிவிட்டது. அவ்வளவு ஊற்றினால் தண்ணீரில் காற்றில்லாமல் எல்லா இறாலும் செத்துவிடும். இந்தக் கடிதத்தைப் படமெடுத்து உங்கள் போனுக்கும் அனுப்புகிறேன். இன்றைக்கே திருத்தி அடியுங்கள். அரை வாளி என்பதை என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

டினோஷா