ட்ரையரை வென்ற வரலாறு

அன்பின் நகுலேஸ்வரிக்கு,

நானும் என்ரை மீசையும் ஈஸ்ட் ஹாமிலை நல்ல சுகம். நீரும் பிள்ளையளும் சுகந்தானே? ஆரும் நம்பாத கதை ஒண்டைச் சத்தியம் பண்ணிச் சொல்லப்போறன்.

எங்கடை வீட்டு ட்ரையர் ஸ்டார்ட் ஆகேல்லை. உடுப்பெல்லாம் ஈரம். "பக்கத்து வீட்டு இராஜேந்திரன் அண்ணை எங்கடை கிணத்துத் தண்ணி மோட்டரை ஒரு நொடியிலை திருத்திப்போட்டார்" எண்டு நீர் போனிலை புகழ்ந்தது வேறை காதுக்குள்ளை குடைஞ்சுது. உடனை கரண்ட் பாக்கிற மல்டிமீற்றர் ஒண்டு வாங்கினன். பிளக்கைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை ஒவ்வொண்டாய்த் தொட்டன். பழுதில்லையெண்டால் மீற்றர் கூவும். கதவுச் சுவிட்சிலை கூவின கூவலுக்கு அடுத்த ஊர் பார்க்கிங் வரைக்கும் நாயள் குரைச்சுது! சூட்டு ஃபியூஸிலை மட்டும் மூச்சில்லை, நீர் அந்தாளைப் புகழேக்கை நான் இருந்த மாதிரி. புது ஃபியூஸ் போட்டன். ட்ரையர் விட்ட அனலிலை தேம்ஸ் நதி பாதி வத்திப்போச்சு.

"மாமா, நீங்கள் எஞ்சினியரோ?" எண்டு கூட இருக்கிற சுபாஸ்கரன் வாயைப் பிளந்தான்.

"ஓம், அதுக்கும் மேலை" எண்டன்.

கொஞ்சம் மிளகாய்த்தூள் அனுப்பும். மோட்டர் திரும்ப நிண்டால் கிணத்திலை அள்ளிக் குளியும், அந்தாளைக் கூப்பிட வேண்டாம். ஷிப்டுக்கு நேரமாச்சு.

சரி, ட்ரையரைத் திருத்தினது சுபாஸ்கரன். மீற்றர் வாங்கினது மட்டும் மெய். உம்மடை மோட்டருக்கெண்டு பெட்டிக்குள்ளை வைச்சிருக்கிறன்.

உம்மடை,
கிருஷ்ணராசா